நடுச் சாவடியின் மறு அடி

மூன்றாம் சாமத்துப் பூசைக்கு மணியடிக்க இன்னும் பொழுது கிடக்கிறது. கண் சொக்குகிறவர்கள் நெருங்கி உட்காருங்கள். சிவராத்திரியில் உறங்கினால் விரதம் கெடும், பயந்தால் கெடாது. அந்த விளக்கைக் கொஞ்சம் தணித்து வையுங்கள்... போதும். எதிரில் இருப்பவர் முகம் தெரிந்தால் போதும்.

கம்பம் ஊரில் தவசதானியக் கடை வைத்திருக்கும் நம் சங்கிலியின் தாய்மாமன், ஒச்சாண்டி என்று பெயர். அவருக்கு நேர்ந்தது இது. உலகச் சண்டை முடிந்ததற்கு அடுத்த ஐப்பசி.

ஊர் அடங்கும் வேளை. கூடலூரைத் தாண்டிய தனிப்பாதை. குமுளிக்கு ஏறும் வண்டித்தடத்திலிருந்து பிரிந்து, கல்லாற்று மணலை ஒட்டியே போய், மலையடிவாரத்தில் முடிந்துவிடும். முடிகிற இடத்தில் ஓர் ஒற்றை அறை. ஓட்டுக்கூரை. வாசல் நிலையில் ஓர் ஆணி... அந்த ஆணியை மறந்துவிடாதீர்கள்.

அந்தப் பாதையில் ஒச்சாண்டி ஒவ்வோர் இரவும் தனியே நடப்பார். பர்மாக் காட்டில் பட்டாளத்துக்குத் தந்திக்கம்பி இழுத்தவர். திரும்பியபோது உடம்பு முழுதாகத் திரும்பிற்று. உறக்கம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. பகலில் படுத்தால் வெளிச்சம் உறுத்தும். இரவில் படுத்தால் இருட்டு உறுத்தும். உறங்காதவனுக்கு இராக்காவலைவிடப் பொருத்தமான உத்தியோகம் ஏது? ஏலத்தோட்டத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள், போய்ச் சேர்ந்தார்.

காவல் எதற்கு? மலைமேல் ஓர் ஏரி. மழைக்காலத்தில் அது நிறைந்து, மிகைநீர் போகும் கலங்கலில் வழிந்தால், கல்லாறு சொல்லாமல் வரும். மற்ற நாளெல்லாம் அந்த ஆறு வெறும் மணல். குமுளியிலிருந்து ஏலக்காய் ஏற்றி இறங்கும் வண்டிக்காரர்கள், மாடுகளை அவிழ்த்துவிட்டு அந்த மணலிலேதான் படுப்பார்கள். பஞ்சணை மாதிரி மணல்... அதிலே வெள்ளம் வந்தால் எழுப்ப ஒருவர் வேண்டுமல்லவா? அதற்காக மூன்று சாவடிகள். ஏரிக்கரையில் மேல் சாவடி, அங்கே ராஜமணி. மலையின் பாதி வழியில் நடுச் சாவடி, அங்கே வீரணன். அடிவாரத்தில் ஒச்சாண்டி. மேலிருந்து நடுவுக்கு ஒரு கம்பி. நடுவிலிருந்து அடிக்கு ஒரு கம்பி. இரண்டும் நடுச் சாவடிக்குள் ஒன்றையொன்று தொடாமல் முடிந்துவிடும். இடையில் வீரணனுடைய கை ஒன்றுதான் பாலம்.

முதலில் இருந்தது முள். ஏரியில் மிதக்கும் ஒரு மரக்கட்டை, நீர் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு வலுவாகக் கம்பியில் மின்சாரத்தை ஓர் உந்து உந்தும். சிறிது நேரம் கழித்து மறுபடியும் ஓர் உந்து. நடுச் சாவடியில் முள் எழும்பும். அது எழும்பிய அளவுக்கு வீரணன் தம் பிடியைத் தள்ளி, அதே உயரத்துக்குக் கீழே அனுப்புவார். அடிச் சாவடியில் முள் எழும்பும். முள்ளின் உயரமே நீரின் உயரம். பார்க்க அழகான ஏற்பாடு...

ஆனால் மலை சும்மா இருக்குமா? மழை நனைத்தால் கம்பியில் வலு கசியும். இடி இடித்தால் வலு ஏறும். வீரணனுக்கோ கை நடுக்கம். அறுபதை நெருங்கிய கை. முள் எழும்போதே ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்துத்தான் எழும். ஏரியின் நீர், இடியின் வலு, வீரணனுடைய நடுக்கம்... எல்லாம் ஒரே முள்ளில் கலந்து வந்து நிற்கும். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பாலில் விழுந்த தண்ணீர்.

அந்த ஐப்பசியில் இருமுறை இடி முள்ளை உச்சிக்குத் தூக்கிற்று. இருமுறையும் ஒச்சாண்டி கொம்பை ஊதினார். வண்டிக்காரர்கள் அலறிக்கொண்டு மூட்டைகளை மேட்டில் ஏற்றினார்கள். இருமுறையும் ஆற்றில் ஒரு சொட்டு வரவில்லை.

"ஏலே ஒச்சாண்டி, உன் முள்ளுக்கு வயித்துவலியா? ராத்திரியானா எந்திரிச்சு நிக்கிது?" என்றான் வண்டிக்காரர்களுக்குப் பெரியவனாகிய சுருளிவேல்.

"வந்துருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"வரும்போது பாப்போம். இன்னொருக்க ஊதுனா ஒரு பய எந்திரிக்க மாட்டான், ஆமா. கொம்ப வச்சு உங்க வீட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். ஒச்சாண்டி சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்ன சொல் அன்று அது என்பது அவருக்குத் தெரியும். மூன்றாவது முறை மெய்யாகவே தண்ணீர் வரும். கொம்பு ஊதும். மணலில் ஒருவரும் எழமாட்டார்கள்... அந்த எண்ணம் வந்ததிலிருந்து, கொஞ்சநஞ்சம் வந்துகொண்டிருந்த உறக்கமும் போயிற்று.

பட்டாளத்தில் ஒரு வாத்தியார், பேச்சையே துண்டு துண்டாக நறுக்கிக் காற்றில் அனுப்பும் கருவியைப் பற்றி, மணலில் குச்சியால் கோடு கிழித்துச் சொல்லியிருந்தார். நறுக்கிய துண்டின் உயரத்தை அப்படியே அனுப்புவது ஒரு வழி. உயரத்தை அளந்து, எண்ணாக்கி, எண்ணை அனுப்புவது மற்றொரு வழி. ஒச்சாண்டிக்கு அது நினைவுக்கு வந்தது. ஒரு பகலில் மலையேறி நடுச் சாவடிக்குப் போனார்.

வீரணன் உறவில் மாமன் முறை. வாசலில் உட்கார்ந்து புகையிலையைக் கசக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அக்கம்மாள் ஊரிலிருந்து கேப்பைக் கூழும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, விறகுக்காகச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இனிமே உசரத்த அனுப்ப வேண்டாம் மாமா," என்றார் ஒச்சாண்டி. "ஏரியில கோடு போட்ட கல்லு இருக்குல்ல? ராஜமணி அதப் பாத்து எத்தனாவது கோடுன்னு தட்டட்டும். மூணு சாவடியிலயும் தட்ட ஒரு கட்டையும், கேக்க இரும்பு நாக்கு வச்ச பெட்டியும் மாட்டிருவோம். ஒவ்வொரு கோட்டுக்கும் அஞ்சு தட்டு. ஒவ்வொண்ணும் நெட்டையா இருக்கும், இல்ல குட்டையா இருக்கும். நடுவால ஒண்ணும் கெடையாது. நீங்க கேட்டுட்டு, அதே அஞ்சையும் புதுசா கீழ தட்டணும். அம்புட்டுத்தான்."

"தண்ணி ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னுச்சுன்னா?"

"கிட்ட இருக்க கோட்டச் சொல்லணும். மிச்சத்த விட்டுரணும்."

"மிச்சம் எங்கிட்டுப் போகும்?"

"எங்கிட்டும் போகாது மாமா. கணக்குல இல்ல, அவ்வளவுதான்."

வீரணன் புகையிலையை வாயில் அதக்கிக்கொண்டார். கோயில் பூசைகளில் பதிகம் பாடுகிறவர். அவருக்கு அந்தப் பாஷையில்தான் விளங்கும். "அதாவது பாட்டோட பண்ண விட்டுட்டு எழுத்த மட்டும் எடுத்துக்கிறணும்ங்கிற," என்றார்.

சரியாகப் பிடித்துவிட்டார். பாருங்கள், பண் வாய்க்கு வாய் மாறும்போது கொஞ்சம் கொஞ்சமாக வளையும். நூறு வாய் மாறினால் நூறு தொண்டையின் கரகரப்பும் அதில் ஒட்டியிருக்கும். எழுத்து அப்படியன்று. ஐந்தெழுத்தைக் குயில் ஓதினாலும் ஐந்து, காக்கை ஓதினாலும் ஐந்து. வழியிலே பட்ட தூசியை ஒவ்வொரு வாயும் உதறிவிட்டு, புத்தம் புதிதாக மறுபடி சொல்லும். ஆனால்... சொன்னவருடைய தொண்டை அதில் இராது.

வீரணனும் அதைத்தான் கேட்டார். "என் கை நடுங்குறதுகூட அங்கன வராதா மாப்ள?"

"வராது. நீங்க நடுங்கித் தட்டினாலும் நேராத் தட்டினாலும் என் பெட்டிக்குள்ள இரும்பு நாக்கு ஒரே மாதிரிதான் அடிக்கும்."

"அது சரி. முள்ளுன்னா நா நடுங்குறதப் பாத்து, 'கெழவன் உக்காந்துருக்கான்'னு தெரிஞ்சுக்கிருவ. இதுல நா இருக்கேனா செத்தேனான்னு எப்படித் தெரியும் ஒனக்கு?"

ஒச்சாண்டி அலுத்துப்போயிருந்தார். வெயில். இறங்கவேண்டிய மலை. யோசிக்காமல் சொன்னார்: "நீங்க தட்டுற மறு அடி வந்தா இருக்கீகன்னு அர்த்தம் மாமா."

சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த அக்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

ஒரு விதியையும் அன்று வகுத்தார்கள். விடியும்போது அடிச் சாவடியிலிருந்து ஐந்தும் குட்டையாகத் தட்டினால் 'போகலாம்' என்று பொருள், அன்று காவலிருந்தவருக்கு மட்டும். அது வரும்வரை நடுச் சாவடிக்காரர் கட்டையை விட்டு எழக்கூடாது. வந்தபின், கேட்டேன் என்று ஒரு நெட்டை அடி அடித்துவிட்டு, லாந்தரோடு இறங்கி, அதை அடிச் சாவடி வாசல் ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும். ஆணியில் லாந்தர் தொங்கினால் ஆள் இறங்கியாயிற்று என்று ஊருக்கே தெரியும்.

முள் கழற்றப்பட்டு மூலையிலிருந்த ஒரு மரப்பெட்டிக்குள் போயிற்று. அப்புறம் எத்தனையோ இடி இடித்தது. இரும்பு நாக்கு ஏமாறவில்லை. ஒரு பிழை வரவில்லை.

பிறகு அந்த இரவு.

பழம்பாட்டுக்காரர்கள் மலைநிலத்துக்கு நள்ளிரவைப் பொழுதாக வகுத்தது வீணுக்கன்று. மலையில் இருட்டு இறங்குவதில்லை, கல்லுக்குள்ளிருந்து ஊறும். அன்று பிற்பகலிலேயே ஊறிவிட்டது. மழை கயிறாக விழுந்தது. அந்தி நேரத்தில் மலையின் வயிற்றுக்குள் எங்கோ, பெரிய மாடு ஒன்று புரண்டு படுப்பதுபோல் ஒரு முனகல்... ஒச்சாண்டி இடி என்று நினைத்தார். ஓட்டின்மேல் மழை. திரி எரியும் மண்ணெண்ணெய் வாடை. கீழே மணலில் மாடுகளின் கழுத்துமணி. முந்தின நாள் வந்து தங்கிய வண்டிகள்.

பெட்டி அடித்தது.

நெட்டை. நெட்டை. நெட்டை. நெட்டை. நெட்டை.

ஐந்தும் நெட்டை... உச்சிக்கோடு. கலங்கல் தாண்டிவிட்டது.

அவர் எழுந்து நின்றார். இடியாக இருக்குமோ என்று பழைய ஐயம் ஒருகணம் வந்தது. மறுபடி அடித்தது. அதே ஐந்து. செதுக்கிவைத்த எழுத்துப்போல. கேட்டேன் என்று ஓர் அடி அடித்துவிட்டு, கொம்பை எடுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினார்.

ஊதினார். ஒருவரும் அசையவில்லை. வண்டிக்கடியில் சாக்குக்குள்ளிருந்து சுருளிவேலின் குரல் மட்டும் வந்தது.

"மூணாவது தடவையாக்கும்? போலே, போய்ப் படு."

"சுருளிவேலு, எந்திரி. ஏரி வழியிது."

"ஒன் முள்ளு சொல்லுச்சா? மேல இடிக்கிது, அதான் சொல்லிருக்கும்."

"முள்ளு இல்லடா. முள்ளக் கழட்டிப் போட்டாச்சு. இது எண்ணு." ஒச்சாண்டி அவன் போர்த்தியிருந்த சாக்கை இழுத்து எறிந்தார். "இடிக்கு எண்ணத் தெரியாதுடா! அஞ்சும் அஞ்சா வருது. ஆளுதான் தட்டுறான். வீரணன் மாமா தட்டுறாரு. எந்திரிங்கடா!"

எது அவனைத் தொட்டதோ... ஆளுதான் தட்டுகிறான் என்ற சொல்லாக இருக்கலாம். சுருளிவேல் எழுந்தான். அவன் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். மாடுகளை அடித்து ஓட்டினார்கள். வசவு. கூச்சல். கடைசி வண்டியின் பின்சக்கரம் மேட்டைத் தொட்டபோது, ஆற்றின் மேல்புறத்தில் கல்லோடு கல் மோதும் ஓசை கேட்டது. பிறகு ஈரமண் வாடை. பிறகு தண்ணீர்... மரம் உருண்டு வந்தது, வேரோடு. அவர்கள் படுத்திருந்த இடம் எது என்று அடையாளம் காட்ட ஒரு கல்லும் மிஞ்சவில்லை.

இரவு முழுக்கப் பெட்டி அடித்துக்கொண்டிருந்தது. கோடு இறங்க இறங்க ஒவ்வொன்றாக, ஒரு தட்டும் தவறாமல். ஒச்சாண்டி ஈரத்துணியோடு உட்கார்ந்து கேட்டார். விடிந்தது. வண்டிக்காரர்கள் வந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். சுருளிவேல் கருப்பட்டிக் காப்பியை அவர் கையில் திணித்து, "இனிமே நீ சும்மா ஊதுனாலும் ஓடுவேண்ணே," என்றான். ஏலே என்று கூப்பிட்டவன், அன்றைக்கு அண்ணன் ஆக்கினான். கருப்பட்டிச் சூடு வயிற்றில் இறங்கியது. உட்கார்ந்தபடியே, பர்மாவுக்குப் போனபிறகு முதன்முறையாக, ஒச்சாண்டி உறங்கிப்போனார்.

எழுப்பியது ராஜமணி. மேல் சாவடிக்காரன். காட்டைச் சுற்றி, தொடைவரை சேறாக வந்து நின்றான்.

"அண்ணே... நடுச் சாவடி இல்லண்ணே."

"என்னது?"

"நேத்து அந்தியிலயே மல சரிஞ்சிருச்சு. மேலருந்து பாத்தேன். சாவடி, மரம், கம்பி எல்லாம் ஒண்ணாப் போச்சு. சத்தங்கூடக் கேட்டுச்சே, உங்களுக்குக் கேக்கலயா?"

ஒச்சாண்டி அவனையே பார்த்தார். "நீ தட்டுனயா இல்லயா?"

"தட்டுனேன். ஏரி நெறஞ்சிருச்சே, மனசு கேக்கல. போய்ச் சேராதுன்னு தெரிஞ்சும் ராத்திரி பூராம் தட்டிக்கிட்டேதான் இருந்தேன். பதில் அடி ஒண்ணுகூட வரல. வண்டிக்காரக அம்புட்டுப் பேரும் போயிருப்பாகன்னு நெனச்சு அழுதுக்கிட்டே வாரேன்... இவுக எப்படிண்ணே மேட்டுல இருக்காக?"

ஒச்சாண்டி திரும்பிப் பெட்டியைப் பார்த்தார்.

வீரணனைச் சேற்றிலிருந்து எடுத்தார்கள். லாந்தர் கிடைக்கவில்லை. காரியமெல்லாம் முறைப்படி நடந்தது. ஊரே வந்தது. வண்டிக்காரர்கள் மொட்டையடித்துக்கொண்டார்கள்.

தையில் புதுச் சாவடி கட்டினார்கள். பழையது இருந்த இடத்திலேயே. புதுக் கம்பி, புதுக் கட்டை. சின்னக்கருப்பு என்ற இளவட்டத்தை அங்கே போட்டார்கள். துணிச்சல்காரன். ஒரு வாரம் ஒழுங்காக வேலை பார்த்தான். அதற்கப்புறம் ஒருநாள் அடிச் சாவடிக்கு வந்து, லாந்தரை ஆணியில் மாட்டிவிட்டு, போகாமல் நின்றான்.

"என்னடா?"

"அண்ணே... நா தட்டுறதுக்கு முந்தியே அடி போயிருது."

"தெளிவாச் சொல்லு."

"மேலருந்து அஞ்சு வருதுல்ல, நா கேட்டுட்டுக் கைய வைக்கப் போறேன். அதுக்குள்ள கட்ட தானா அமுங்குது. அஞ்சு அடி. சரியா அடிக்கிது. நா கையக் கட்டிக்கிட்டு உக்காந்துருக்கேன். மொத நாள்லருந்து இப்படித்தாண்ணே. சொன்னா சிரிப்பீகன்னு சொல்லல."

ஒச்சாண்டி சிரிக்கவில்லை. அன்று காவலுக்கு அவனைத் தம் அருகிலேயே உட்காரவைத்துக்கொண்டார். நடுச் சாவடி பூட்டிக் கிடந்தது. அங்கே முடியும் கம்பிக்கும் தொடங்கும் கம்பிக்கும் இடையே ஒரு சாண் வெறுங்காற்று. ஏரி வற்றியிருந்தாலும் வழக்கப்படி மேலிருந்து ராஜமணி தட்டவேண்டிய வேளை வந்தது.

பெட்டி அடித்தது. குட்டை. குட்டை. நெட்டை. குட்டை. நெட்டை.

பிசகில்லை. சின்னக்கருப்பு எழுந்து போனவன், போனவன்தான். தேனிப் பக்கம் பருத்தி ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

சொல் ஊரில் பரவாமல் இருக்குமா? மறுநாள் விளக்கு வைத்த கையோடு அக்கம்மாள் வந்துவிட்டாள், அந்தத் தனிப்பாதையில், தனியாக. வாசலில் நின்றாள்.

"கேள்விப்பட்டது நெசமாப்பா?"

ஒச்சாண்டிக்குப் பொய் சொல்லவும் தெம்பில்லை. "ஆமாத்தே."

"அவுகதானா?"

"தெரியலத்தே."

"என்னப்பா தெரியல? ராத்திரி முழுக்கக் கேக்குற. யாரு கைன்னு தெரியாதா ஒனக்கு?"

"இதுல கை தெரியாதத்தே. யாரு தட்டினாலும் ஒண்ணு போலத்தான் கேக்கும். அப்படித்தான் நா மாத்தினேன்."

அவள் உள்ளே வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். "காரியம் பண்ணியாச்சு. கோயிலுக்கு வெளக்குப் போட்டாச்சு. ராமேசுவரத்துக்கு ஆளனுப்பி எலும்பையும் கரச்சாச்சு. இன்னும் அங்கன ஒக்காந்து தட்டிக்கிட்டிருக்காகன்னா... அது அந்த மனுசன்தானா, இல்ல எதுவோ ஒண்ணு அவுக வேலையப் பாக்குதா? எனக்கு அது தெரியணும். தெரியாம நா வீட்டுக்குப் போயி எப்படிப்பா படுக்க?"

அவர் எழுந்து திரியைத் தூண்டினார். பிறகு மூலையிலிருந்த மரப்பெட்டியைத் திறந்தார். முள்ளை எடுத்து, தூசியை ஊதி, கம்பி பெட்டிக்குள் நுழைவதற்கு முந்தின இடத்தில் அதைச் சேர்த்தார்.

"பெட்டி, உண்டா இல்லையான்னு மட்டுந்தான் கேக்கும்," என்றார் மெதுவாக. "மிச்சத்த உதறிரும். இது உதறாதத்தே. கம்பியில வாரத வாரபடியே காட்டும்."

காத்திருந்தார்கள். சுவரில் பல்லி. வெளியே காற்றில்லை.

பெட்டி அடித்தது, எப்போதும்போல், செதுக்கிய ஐந்து அடி. இரும்பு நாக்கில் ஒரு குறையில்லை. ஆனால் முள்... எழும்போதே சிலிர்த்தது. ஒவ்வோர் அடிக்கும் சிலிர்த்துச் சிலிர்த்து எழுந்தது. அறுபதை நெருங்கிய கையின் நடுக்கம்.

அக்கம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "அவுகதான்," என்றாள். "குழம்பு வாளியப் பிடிச்சா இப்படித்தான் ஆடும்."

ஐந்து அடி முடிந்தது. முள் கீழே இறங்கவேண்டும். இறங்கவில்லை. கட்டையின்மேல் பட்டும் படாமலும் கை வைத்து யாரோ காத்திருப்பதுபோல், அடிக்கோட்டுக்குச் சற்று மேலே, துடித்துக்கொண்டே நின்றது. எந்தக் கோட்டிலும் சேராத உயரம். பெட்டிக்கு அது இல்லை. முள்ளுக்கு இருந்தது.

"எதுக்குப்பா காத்துருக்காக?"

ஒச்சாண்டி முள்ளையே பார்த்தார்.

"அன்னைக்கு விடிஞ்சதும் போகச் சொன்னயா அவுகள?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மழை, கொம்பு, வெள்ளம், விடியல், காப்பி, உறக்கம்... ஐந்து குட்டை அடி. அதை அவர் அடிக்கவே இல்லை. அதன் பிறகு எத்தனையோ விடியல்களில் சின்னக்கருப்பை அனுப்ப அடித்தாரே என்பீர்கள். அடித்தார். அவை சின்னக்கருப்பின் காவலுக்கு உரியவை. ஒருவன் காவலுக்கு விழுந்த விடுதலை மற்றவனுக்குச் செல்லாது, வகுத்தவர்கள் அவர்கள்தாம். வீரணனுடைய அந்த ஓர் இரவு இன்னும் முடிக்கப்படாமல் கிடந்தது.

கட்டையின்மேல் கை வைத்தார். "மாமா," என்று முதலில் வாயால் சொன்னார், அந்தக் கம்பியில் வாய்ச்சொல் போகாது என்று தெரிந்தும். "வண்டிக்காரக எல்லாரும் மேடேறிட்டாக மாமா. ஒரு மாடுகூடப் போகல."

பிறகு அடித்தார். குட்டை. குட்டை. குட்டை. குட்டை... குட்டை.

முள் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு ஒருமுறை எழுந்தது. நெடுமூச்சுப்போல் நீளமாக, நடுக்கத்தோடு. கேட்டேன்.

விழுந்தது. அடிக்கோட்டில் போய் அசையாமல் கிடந்தது.

அக்கம்மாளும் ஒச்சாண்டியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. திறக்க இருவருக்கும் மனமில்லை. மலையிறங்க எவ்வளவு பொழுது ஆகுமோ அவ்வளவு பொழுது ஆயிற்று... வெளியே சரளைக்கல் அசைந்தது. ஈரமண் வாடை. மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன. அந்த ஈரத்தின் ஊடே கசக்கிய புகையிலையின் காரம். கதவுக்கு அப்பால், நிலையருகே, இரும்பு வளையம் இரும்பில் உரசியது.

கிணுக்.

சரளை மறுபடி அசைந்தது. அந்த ஓசை ஆற்றைத் தாண்டி ஊர்ப்பக்கம் தேய்ந்துகொண்டே போயிற்று.

"வீட்டுக்குத்தான் போறாக," என்றாள் அக்கம்மாள்.

சேவல் கூவி, கிழக்கு நன்றாக வெளுத்தபின் கதவைத் திறந்தார்கள். ஆணியில் லாந்தர் தொங்கியது. மூடி நசுங்கிய பழைய லாந்தர், வீரணனுடையது. துருவேறி, எண்ணெய்க்கிண்ணம் வாய்வரை ஆற்றுமணல் அடைத்துக் கிடந்தது. திரி இருந்த இடத்தில் ஒரு காய்ந்த வேர். எண்ணெய்ப் பசையே இல்லை.

அக்கம்மாள் முந்தானையால் துடைக்கப்போனாள். தொட்டவள், கையை வெடுக்கென்று உதறினாள்.

கண்ணாடி சுட்டது.